அழுத்தமும் ஓட்டமும் கொண்டு தடையையும் வலுவையும் கணித்தல்
நாற்றுமேடைக்கு நீர்ப்பம்பி வைப்போருக்கு ஒரு பாடம்

சபரகமுவ மாகாணம் நீர்வளமும் மின்வளமும் ஒருங்கே பெற்றது. இரத்தினபுரி மாவட்டத்தில் வளவை கங்கை நீரைத் தேக்கி அமைக்கப்பட்ட சமனலவெவ நிலையம் 1992 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அது 120 மெகாஉவாற்று வலுவை ஆக்கவல்லது. கேகாலை, இரத்தினபுரி மலைக்கிராமங்கள் பல, 1990 களில் ஓடைநீரைக் கொண்டே தமக்கு வேண்டிய மின்னைத் தாமே ஆக்கிக்கொண்டன.

எனினும், ஆக்கிய மின் முழுவதும் பயன்படும் இடத்தை வந்தடைவதில்லை. ஒரு பகுதி கம்பியிலேயே வெப்பமாகி வீணாகின்றது. மழை குறைந்த தை, மாசி மாதங்களில் தேயிலை நாற்றுக்கு நீர் ஏற்றவென ஓடைக்கரையில் பம்பி வைப்போர் பலர், இதனை எண்ணாது மெல்லிய கம்பியைச் சரிவு வழியே இழுத்துவிடுகின்றனர். சில நாட்களில் மோட்டர் எரிந்துபோகின்றது. பல மாதம் வளர்த்த நாற்றும் வாடுகின்றது. இக்கேட்டைத் தவிர்க்கச் சிறிது கணக்கறிவு போதும்.

1. நான்கு அளவுகள்

மின்னைக் கம்பி வழியே தள்ளும் விசைப்பாட்டை அழுத்தம் என்பர். அதன் அலகு வோல்ற்று. கம்பியிற் செல்லும் மின்னின் அளவு ஓட்டம், அலகு அம்பியர். ஓட்டத்தை எதிர்க்கும் தன்மை தடை, அலகு ஓம். ஒரு செக்கனில் நடைபெறும் வேலையின் அளவு வலு; அலகு உவாற்று.

குழாய்நீரை உவமையாகக் கொள்க. தொட்டி உயர இருப்பின் நீர் விசையுடன் வரும். குழாய் ஒடுங்கியும் நீண்டும் இருப்பின் வரும் நீர் குறையும். மின்னும் அவ்வாறே.

2. இரு விதிகள்

ஜோர்ஜ் சைமன் ஓம் என்னும் செருமானிய அறிஞர் 1827 ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி முதலாவது:

தடை = அழுத்தம் ÷ ஓட்டம்

இரண்டாவது விதி:

வலு = அழுத்தம் × ஓட்டம்

இவ்விரண்டையும் இணைத்தால், கம்பியில் வீணாகும் வலு = ஓட்டம் × ஓட்டம் × தடை என்பது பெறப்படும். ஓட்டம் இருமடங்கானால் வீண்செலவு நான்கு மடங்காகும் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

3. கணக்கு

வீட்டிலிருந்து ஓடைக்கரை வரை ஏறத்தாழ 90 மீற்றர் தொலைவுக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் செப்புக்கம்பி இழுக்கப்பட்டுள்ளதெனக் கொள்வோம். பம்பிக்குப் பதிலாக, கீழ்முனையில் நீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தல் ஒன்றை இணைத்து அளக்கின்றோம். மேல்முனையில் 230 வோல்ற்று. கீழ்முனையில் 218 வோல்ற்று. ஓட்டம் 6 அம்பியர்.

கம்பியிற் குறைந்த அழுத்தம்: 230 − 218 = 12 வோல்ற்று.
கம்பியின் தடை: 12 ÷ 6 = 2 ஓம்.
கம்பியில் வீணாகும் வலு: 12 × 6 = 72 உவாற்று.
கேத்தல் பெறும் வலு: 218 × 6 = 1308 உவாற்று.
வீட்டிலிருந்து செல்லும் மொத்த வலு: 230 × 6 = 1380 உவாற்று.

1308 உடன் 72 ஐக் கூட்டினால் 1380 வருதலால் கணக்குச் சரியெனத் தெளியலாம்.

நாள்தோறும் 5 மணித்தியாலம் இவ்வோட்டம் சென்றால், 30 நாளில் வீணாவது 72 × 5 × 30 = 10,800 உவாற்று மணி; அதாவது 10.8 அலகு. இதற்கும் பணம் செலுத்தவே வேண்டும்.

4. மோட்டருக்கு வரும் கேடு

கேத்தலுக்கு அழுத்தம் குறைந்தால் நீர் தாமதித்துக் கொதிக்கும், அவ்வளவே. மோட்டரோ அவ்வாறன்று. அது சுழலத் தொடங்கும் வேளையில் வழக்கத்தினும் பன்மடங்கு ஓட்டத்தை இழுக்கும். அவ்வோட்டம் 24 அம்பியர் எனின், அத்தருணத்தில் கம்பியில் வீணாவது 24 × 24 × 2 = 1152 உவாற்று. அழுத்தம் பெரிதும் தாழ்வதால் மோட்டர் சுழலமாட்டாது முனகி நிற்கும். அதன் சுருளும் கம்பியும் சூடேறும். சுருள் எரிவது இதனாலேயே.

மோட்டரின் வலுவை அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கி மட்டும் கணித்தல் ஆகாது. ஆடலோட்டத்தில் அப்பெருக்கத்தை வலுக்காரணியாலும் பெருக்கவேண்டும். கம்பியின் தடையை அளக்க வெப்பச் சாதனத்தைத் தெரிந்தெடுத்ததும் இதுபற்றியே.

5. பரிகாரம்

கம்பியின் தடிப்பை மிகுத்தலே தக்க பரிகாரம். அதே தொலைவுக்கு 4 சதுர மில்லிமீற்றர் செப்புக்கம்பி இடின், தடை ஏறத்தாழ 0.75 ஓமாகக் குறையும். 6 அம்பியருக்குக் குறையும் அழுத்தம் 4.5 வோல்ற்று, வீணாவது 27 உவாற்று மட்டுமே. மின்மானிக்கு அண்மையில் பம்பியை வைக்க இயலுமாயின் அதுவும் நன்று.

6. எச்சரிக்கை

(அ) உருகியைக் கம்பியின் தாங்குதிறனுக்கு ஏற்பத் தெரிக. உருகி அடிக்கடி அறுகின்றதெனத் தடித்த கம்பியை அதிலிடுவோர் லயத்துக்கே தீ வைப்போராவர்.

(ஆ) மிகுதிக் கம்பியைச் சுருட்டி வைத்தபடி பயன்படுத்தலாகாது. சுருளில் வெப்பம் அடங்கி உறை உருகும்.

(இ) ஈரநிலத்தில் இயங்கும் பம்பிக்குப் புவித்தொடுப்பும், மின்னொழுக்கு நேர்ந்தவுடன் தானே துண்டிக்கும் ஆளியும் இன்றியமையாதன.

(ஈ) அளவெடுத்தலையும் கம்பி பொருத்துதலையும் தகுதிபெற்ற மின்வினைஞரைக் கொண்டே செய்விக்க. கணக்கை மட்டும் நீங்களே செய்து பாருங்கள்.

கம்பி வாங்குமுன் தொலைவையும் ஓட்டத்தையும் ஒரு தாளில் எழுதிக் கணித்தல் சிறு வேலையே. மோட்டரையும் நாற்றையும் உயிரையும் காப்பது அச்சிறு வேலையாகும்.