தெருவில் காய்ச்சல் கணக்கு: மண்ணூர்பேட்டைவாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மழைக்காலம் வந்தால் "எங்க தெருவுல எல்லாருக்கும் காய்ச்சல்" என்பார்கள். எத்தனை பேருக்கு, எந்த வாரம் என்று கேட்டால் பதில் வராது. 1980-களில் வட ஆற்காடு மாவட்டத்தில், வேலூர் சி.எம்.சி. டாக்டர் ஜேக்கப் ஜான் குழுவினர் மருத்துவர்கள் எழுதிப் போடும் அஞ்சலட்டைகளை வைத்தே நோய்களைக் கண்காணித்தார்கள். நமக்கு ஒரு நோட்டு போதும்.

1. எதை எண்ணுவது?

டெங்கு உறுதியான பிறகு எண்ணலாம் என்று காத்திருக்காதீர்கள். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் என்றாலே கணக்கில் சேருங்கள். இந்த விதியை நடுவில் மாற்றினால் கணக்கு கெடும்.

2. நோட்டில் என்ன எழுதுவது?

தெரு, வயது, காய்ச்சல் தொடங்கிய தேதி, பகலில் இருக்கும் இடம், பரிசோதனை முடிவு. பெயர் வேண்டாம், வாட்ஸ்அப் குழுவிலும் போட வேண்டாம்.

நமக்குத் தகவல் வந்த தேதியை எழுதுவதுதான் பலர் செய்யும் தவறு. திங்கட்கிழமை ஐந்து பேர் சொன்னாலும், ஐவருக்கும் வெவ்வேறு நாளில் தொடங்கியிருக்கலாம்.

டெங்கு கொசு கடிப்பது பெரும்பாலும் பகலில். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்ப்பவரைக் கம்பெனியில் கடித்திருக்கலாம். அதனால்தான் பகலில் இருக்கும் இடம் முக்கியம்.

3. யாரிடம் கேட்பது?

மருந்துக்கடை, கிளினிக், பள்ளி, அங்கன்வாடி. அறை எடுத்துத் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களையும் விடாதீர்கள்.

4. வரைபடத்தில் புள்ளி

தெருப் படத்தில் ஒருவருக்கு ஒரு புள்ளி வையுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதிக தூரம் பறக்காது. புள்ளிகள் நெருங்கும் இடத்தில் மூடாத சம்ப், டிரம், பழைய டயர், ஃபிரிட்ஜின் பின்தட்டு எல்லாவற்றிலும் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

5. யாரிடம் சொல்வது?

ஒரே தெருவில் ஒரு வாரத்துக்குள் மூன்று பேர் என்றால் சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லுங்கள். "கொசுத் தொல்லை" என்று மட்டும் சொல்லாமல் தெரு, தேதி, எண்ணிக்கையோடு சொல்லுங்கள். காய்ச்சல்காரருக்கு வயிற்றுவலி, விடாத வாந்தி, ரத்தக்கசிவு இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

6. எப்போது நிறுத்துவது?

கொசு மருந்து அடித்ததும் நோட்டை மூடாதீர்கள். கொசு கடித்து 4 முதல் 10 நாள் கழித்தே காய்ச்சல் தெரியும். முன்பு கடிபட்டவர்கள் இனிமேலும் படுப்பார்கள்; அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். மருந்து அடித்துப் பத்து நாளுக்குப் பிறகு தொடங்கும் காய்ச்சல்களை எண்ணுங்கள். அவையும் குறையவில்லை என்றால், நாம் பார்க்காத தண்ணீர் எங்கோ இருக்கிறது.