முதல் பனியை நம்பி மலையேறிச் சறுக்கப் போகிறீர்களா?

கொலராடோவில் அக்டோபர் கடைசியில் ஒரு பனிப்பொழிவு வந்தால் போதும், "ஞாயிற்றுக்கிழமை பெர்த்தூட் கணவாய் போகலாமா?" என்று நண்பர்கள் ஆரம்பித்துவிடுவார்கள். போய்ப் பார்த்தால் பனியைவிடப் பாறைதான் அதிகம். ஏமாற்றத்தைத் தவிர்க்க முடியாவிட்டாலும் செலவைத் தவிர்க்கலாம்.

1. சாலைக் கேமராவில் கணவாய் வெள்ளையாகத் தெரிகிறதே என்று கிளம்பிவிடாதீர்கள். புல் நுனியும் புதரும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அடிப்பனி இல்லை என்று பொருள். ஸ்னோடெல் தானியங்கி நிலையம் காட்டும் பனி ஆழத்தோடு தண்ணீர் அளவையும் பாருங்கள். அந்த ஊரின் உலர்ந்த புதுப்பனி 30 செ.மீ. விழுந்தாலும், உருக்கினால் இரண்டு, இரண்டரை செ.மீ. தண்ணீர்தான் தேறும். மீதியெல்லாம் காற்று. பலகை நேரே கல்லில் போய் உட்காரும்.

2. பழைய சறுக்குப் பலகை ஒரு ஜோடி இருந்தால் விற்றுவிடாதீர்கள். சீசன் தொடக்கத்துக்கு அதுதான் சரி; கல்லில் உரசினாலும் வருத்தமில்லை.

3. கற்குவியல் மேல் கிடக்கும் பனியைவிடப் புல்தரை மேல் கிடக்கும் பனி மேல். பெர்த்தூட்டில் 1937-இல் தொடங்கிய சறுக்கு மையம் 2001-இல் மூடப்பட்டது; லிஃப்டுகளைக் கழற்றிவிட்டாலும் மரம் வெட்டிய தடங்கள் இருக்கின்றன, அவற்றில் சறுக்கலாம். அங்கும் அடிமரக்கட்டைகள் உண்டு, நிதானம் தேவை.

4. இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். சீசன் தொடக்கத்தில் பனி தாக்குப்பிடித்திருப்பது வடக்குப் பார்த்த நிழல் சரிவுகளில்தான். ஆபத்தும் அங்கேதான். தரை கிட்டத்தட்ட 0 டிகிரியில் இருக்க, மேலே காற்று அதைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும். நடுவில் கிடக்கும் மெல்லிய பனிக்குள் நீராவி மேல்நோக்கி நகர்ந்து, மணிகள் பருத்து, சீனி மாதிரி ஒட்டாமல் உதிரும். அடுத்த புயலின் கனத்த பனி அதன்மேல் விழுந்தால் மொத்தமாகச் சரியும். ஊன்றுகோலைத் தலைகீழாகப் பிடித்து மெதுவாக அழுத்துங்கள். மேலே கெட்டியாகத் தடுத்து, அடியில் சட்டென்று இறங்கினால் அந்தச் சரிவு வேண்டாம். கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையத்தின் அன்றைய முன்னறிவிப்பைக் காலையிலேயே பாருங்கள். சந்தேகம் இருந்தால் 30 டிகிரிக்குக் குறைவான சரிவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழுவில் ஒருவர் வேண்டாம் என்றாலும் எல்லோரும் திரும்புவது என்பதைக் காரில் போகும்போதே பேசி முடித்துவிடுங்கள். மேலே ஏறிய பிறகு யாருக்கும் வாய் வராது.

5. பலகையைக் காரின் கூரையில் கட்டி வந்தால், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். சாலையில் தெளிக்கும் மெக்னீசியம் குளோரைடு பட்டால் இரும்பு விளிம்பு ஒரே இரவில்கூடத் துருப்பிடித்துவிடும்.

6. ஏறுவதற்காக அடியில் ஒட்டும் ஸ்கின் பட்டைகளை ஹீட்டர்மேல் போடாதீர்கள்; பசை இளகிவிடும். அறைக்குள் கொடியில் தொங்கவிட்டு, நன்றாகக் காய்ந்தபின் மடித்து வையுங்கள்.

7. பூட்ஸின் உள்ளுறையை உருவி, செய்தித்தாள் திணித்து வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள்.

8. கல்லில் உரசிய பலகையை விளக்கடியில் வைத்துப் பாருங்கள். மேலோட்டமான கீறல் என்றால் பி-டெக்ஸ் பிளாஸ்டிக் குச்சியை உருக்கிச் சொட்டவிட்டு, ஆறியதும் சுரண்டிச் சமப்படுத்தலாம். சுடர் பெரிதானால் கரி கலந்துவிடும். உள்ளே மரம் தெரிகிறதா? காயவைத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள், நீங்களே பூசாதீர்கள். ஈரம் உள்ளே மாட்டினால் மரம் ஊதிவிடும். விளிம்பில் கல் பட்ட இடம் கடினப்பட்டிருக்கும். சாதாரண அரம் அதில் வழுக்கும், முதலில் வைரக்கல்லால் தேயுங்கள்.

9. பனிச்சரிவில் புதைந்தவரைத் தேட உதவும் பீக்கன் கருவிக்குள்ளேயே கோடை முழுக்கக் கிடந்த பேட்டரி கசிந்திருக்கலாம். திறந்து பார்த்து, தயாரிப்பாளர் சொன்ன வகையையே புதிதாகப் போடுங்கள். மாட்டிக்கொண்டு நடக்கும்போது கைபேசி அதிலிருந்து 20 செ.மீ.யாவது தள்ளி இருக்க வேண்டும். தேடும்போது 50 செ.மீ.

10. சறுக்க முடியாத நாளை வீணாக்க வேண்டாம். ஒரு பீக்கனைப் பைக்குள் வைத்துச் சமதளப் பனியில் புதைத்து, ஆளுக்கொரு முறை தேடுங்கள். யாராவது கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லட்டும். நிஜத்தில் பனிக்கடியில் சிக்கியவரை முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.