அமெரிக்க டாக்டர் எந்த ஊரில் இருப்பார்?

"மாப்பிள்ளை அமெரிக்காவில் டாக்டர். நியூயார்க்கா, சிகாகோவா என்று படிப்பு முடிந்ததும் முடிவு செய்வாராம்." சம்பந்தம் பேசும் இடங்களில் இப்படிச் சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். அந்த முடிவு பெரும்பாலும் அவருடைய விசாவைப் பொறுத்தது என்பதைப் பெண் வீட்டார் அறிவதில்லை. பல நேரங்களில் மாப்பிள்ளை வீட்டாரும் அறிவதில்லை.

இங்கே எம்.பி.பி.எஸ். முடித்து அங்கே ரெசிடென்சி பயிற்சிக்குச் செல்லும் பிள்ளைகளில் பலர் ஜே-1 விசாவில் போகிறார்கள். பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் வந்து இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அதுவரை ஹெச்-1பி விசாவும் இல்லை, கிரீன் கார்டும் இல்லை. ரெசிடென்சிக்கே ஹெச்-1பி தரும் மருத்துவமனைகளும் உண்டு, அதற்கு யு.எஸ்.எம்.எல்.இ. மூன்றாம் கட்டத் தேர்வை முன்பே முடித்திருக்க வேண்டும்.

அந்த இரண்டு ஆண்டு நிபந்தனையிலிருந்து விலக்குப் பெறப் பலரும் நாடுவது 'கான்ராட் 30' திட்டம். வடக்கு டகோட்டாவின் செனட்டராக இருந்த கென்ட் கான்ராட்டின் முயற்சியால் 1994இல் வந்தது. முதலில் மாநிலத்துக்கு 20 பேர், 2002இல் 30 ஆனது. டாக்டர் தட்டுப்பாடுள்ள பகுதி என்று அரசு அறிவித்த இடத்தில் மூன்று ஆண்டுகள் முழுநேரம் வேலை பார்க்க வேண்டும். கோடிக்கணக்கானோர் வாழும் கலிபோர்னியாவுக்கும் ஆண்டுக்கு 30தான், பத்து லட்சம் பேர்கூட இல்லாத வடக்கு டகோட்டாவுக்கும் 30தான். பெருநகரக் கனவோடு போனவர் சிற்றூரில் போய்ச் சேர்வது இப்படித்தான்.

இதைத் தண்டனை என்று நாம் நினைக்கவில்லை. டாக்டர் கிடைக்காத ஊருக்கு ஒரு டாக்டர் கிடைக்கிறார். மூன்று ஆண்டு கழிந்தும் அங்கேயே தங்கிவிடுபவர்களும் உண்டு. ஆனால் தக்க காரணமின்றி இடையில் விலகினால் அந்த இரண்டு ஆண்டு நிபந்தனை திரும்பி வந்துவிடும். வேலைப்பளுவோ நிர்வாகமோ சரியில்லை என்றாலும் சட்டென்று வெளியேற முடியாது.

மனைவியின் நிலையையும் பாருங்கள். கணவர் ஜே-1இல் இருக்கும்வரை ஜே-2 விசாவில் உள்ள மனைவி அனுமதி பெற்று வேலை செய்யலாம். விலக்குக் கிடைத்து அவர் ஹெச்-1பிக்கு மாறினால் மனைவி ஹெச்-4 ஆகிறார். கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பத்தில் முதல் கட்ட ஒப்புதல் கிடைக்கும்வரை பொதுவாக அவருக்கு வேலை அனுமதி இல்லை. பட்டம் பெற்ற மகள், பள்ளிவாசலும் ஹலால் கறிக்கடையும் பக்கத்தில் இல்லாத ஊரில், வீட்டோடு இருக்க நேரலாம்.

நாங்களும் இதுவரை வழிகாட்டும்போது தேர்வையும் செலவையும் பற்றியே பேசி வந்தோம். விசாவைக் கேட்கத் தவறினோம். இனி நிக்காஹ் பேசும்போதும், கடன் வாங்கும் முன்பும் கேளுங்கள்: என்ன விசா, பயிற்சி எந்த ஆண்டு முடிகிறது, விலக்குக்கு எந்த மாநிலத்தில் விண்ணப்பிக்க எண்ணம்? வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பிள்ளை அதைத் தன் சொந்தச் செலவில் ஒரு குடியேற்றச் சட்ட வழக்கறிஞரிடம் காட்டட்டும். மருத்துவமனை அமர்த்தும் வழக்கறிஞர் மருத்துவமனையின் நலனையும் பார்ப்பார்.