வெப்பத்தில் குலையும் நொதிகள்

ஜெலட்டின் தூளை வெந்நீரில் கரைத்து, ஆறியதும் புதிதாக நறுக்கிய அன்னாசித் துண்டுகளைச் சேர்த்துக் குளிர்பெட்டியில் வைத்தால், மறுநாளும் அது இறுகாமல் நீராகவே இருக்கும். டின்னில் அடைத்த அன்னாசியைச் சேர்த்தாலோ நன்றாக இறுகிவிடும். பழம் ஒன்றுதான், ஆனால், டின்னில் அடைக்கும்போது அது சூடாக்கப்படுகிறது.

அன்னாசியில் புரோமலின் எனும் நொதி உண்டு. அது புரதங்களைத் துண்டு துண்டாக வெட்டும். ஜெலட்டினும் ஒரு புரதமே. அதன் நீண்ட இழைகள் வலைபோல் பின்னி நீரைப் பிடித்துக்கொள்வதால்தான் ஜெலட்டின் இறுகுகிறது. இழைகள் வெட்டப்பட்டபின் வலை ஏது? கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அகார் அகார் புரதமன்று. அதில் புதிய அன்னாசியைத் தயங்காமல் சேர்க்கலாம்.

சூடாக்கும்போது நொதிக்கு என்ன நேர்கிறது? நொதியும் ஒரு புரதம்தான். அமினோ அமிலங்கள் மணிகளைப் போல வரிசையாகக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி அது. அச்சங்கிலி தனக்குள்ளேயே மடிந்து குறிப்பிட்ட வடிவத்தைப் பெறுகிறது. அம்மடிப்பில் உள்ள ஒரு சிறு குழிவில்தான் வெட்டப்பட வேண்டிய பொருள் வந்து பொருந்தும். மடிப்புகளைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் வலுக்குறைந்த பிணைப்புகள். வெப்பம் ஏற ஏற மூலக்கூறு வேகமாக அதிர்கிறது. அப்பிணைப்புகள் விடுபட்டு மடிப்பு குலைகிறது. சங்கிலி பொதுவாக அறுவதில்லை. மணிகள் அதே வரிசையில்தான் இருக்கின்றன. இருந்தும், குழிவு மறைந்ததால் நொதியால் வேலை செய்ய முடிவதில்லை. அவிழ்ந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டால், குளிர்வித்தாலும் பழைய வடிவம் திரும்புவது அரிது. வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மீண்டும் தெளிவதில்லை அல்லவா?

எல்லா நொதிகளும் ஒரே வெப்பத்தில் குலைவதில்லை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவிலுள்ள வெந்நீர் ஊற்றுகளில், 1960களில் தாமஸ் புரோக் என்னும் அறிவியலாளரும் அவருடைய மாணவரும் ஒரு பாக்டீரியாவைக் கண்டறிந்தனர். ஏறத்தாழ 70 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அது செழித்து வளர்கிறது. அதன் நொதிகளும் அமினோ அமிலச் சங்கிலிகளே. மடிப்புகள்தாம் மிக உறுதியானவை.

மரபணு இழையைக் கோடிக்கணக்கில் பெருக்கும் பிசிஆர் முறைக்கு அந்த உறுதியே கைகொடுத்தது. அம்முறையில் ஒவ்வொரு சுற்றிலும் கலவையைச் சுமார் 95 பாகை வரை சூடாக்க வேண்டும். தொடக்கத்தில் பயன்படுத்திய நொதி அச்சூட்டில் குலைந்ததால், சுற்றுக்குச் சுற்று புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியாவின் நொதியையோ ஒருமுறை சேர்த்தாலே போதும். 2020இல் கோவிட் தொற்றைக் கண்டறிய மூக்கிலிருந்து எடுத்த மாதிரிகளைச் சோதித்தபோதும், வெப்பம் தாங்கும் இத்தகைய நொதிகளே பிசிஆர் கருவிகளுக்குள் வேலை செய்தன.