விளைபொருள் படங்களைச் சுருக்க ஏற்ற மென்பொருள்

மஞ்சள், வெல்லம், சிறுதானியம் முதலியவற்றை இணையக் கடை மூலம் நேரடியாக விற்கும் சிறு விவசாயிகள், பொருளின் தரத்தைப் போலவே அதன் படத்திலும் கவனம் செலுத்த வேண்டும். வாங்குபவர் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. படத்தை நம்பியே பணம் கட்டுகிறார்.

அளவு: பல கைபேசிகளில் எடுக்கும் படம் 4000 × 3000 புள்ளிகள் கொண்டது. இது திறக்கத் தாமதமாகும். 1000 × 750 ஆகச் சுருக்கினால் புள்ளிகள் 16-ல் ஒரு பங்காகக் குறையும். அமேசான் தளத்தில் பெரிதாக்கிப் பார்க்க நீண்ட பக்கம் 1000 புள்ளிகளாவது தேவை. எனவே அதற்கும் கீழே குறைக்க வேண்டாம்.

மென்பொருள்: கணினி உள்ளவர்களுக்கு 'கிம்ப்' ஏற்றது. வியாபாரத்துக்கும் இது இலவசமே. 'இர்ஃபான்வியூ' ஒரே தடவையில் பல படங்களைச் சுருக்கும். ஆனால் விற்பனைக்குப் பயன்படுத்துவோர் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டும். கைபேசி மட்டும் உள்ளவர்கள் 'ஸ்குவூஷ்' இணையப் பக்கத்தைப் பயன்படுத்தலாம். இதுவும் இலவசம்.

செய்முறை:

1. மூலப் படத்தைப் பத்திரப்படுத்தி, நகலில் மட்டும் வேலை செய்யவும்.

2. நீள அகல விகிதம் மாறாதபடி பூட்டிய பிறகே சுருக்கவும். இல்லாவிடில் உருண்டை வெல்லம் நீண்டு தெரியும்.

3. ஜேபெக் வடிவில் 80 முதல் 85 வரை தரம் வைத்துச் சேமிக்கவும்.

4. சேமித்த ஜேபெக் படத்தையே திரும்பத் திரும்பத் திருத்தினால் தெளிவு குறையும். திருத்தம் தேவையானால் மூலப் படத்திலிருந்து புதிய நகல் எடுக்கவும்.

மஞ்சளின் நிறத்தைப் படத்தில் கூட்டக் கூடாது. படமும் பொருளும் வேறுபட்டால் பார்சல் திரும்பி வரும். அனுப்பிய செலவோடு வாடிக்கையாளரையும் இழக்க நேரிடும்.