பச்சை நிறம் வேண்டாம், கண்ணு

மதுரை,
சித்திரை 25

அன்பு மருமகளுக்கு,

இங்கே கத்திரி தொடங்கிவிட்டது; பகல் பதினோரு மணிக்கு மேல் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை.

நீ புதினா ஐஸ்கிரீம் செய்து, குடியிருப்பில் கேட்பவர்களுக்குக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறாய் என்று உங்கப்பா நேற்று போனில் சொன்னான். மனசு குளிர்ந்தது. கூடவே இன்னொன்றும் சொன்னான். கீழ்வீட்டுப் பிள்ளைகள் "இது பச்சையாவே இல்லையே" என்று கிண்ணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்களாம். அடுத்த தடவைக்குக் கலரும் எசன்ஸும் வாங்கப் போகிறாயாம். வாங்காதே, கண்ணு. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

புதினாவில் பச்சை வேறு, மணம் வேறு. பச்சை இலைக்குள்ளே இருக்கும் பச்சையம். மணமோ இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு பைகளில் இருக்கும் எண்ணெய். அந்த எண்ணெய் பாலின் கொழுப்போடு சேர்ந்துகொள்ளும். பச்சையம் பெரும்பாலும் இலையிலேயே தங்கிவிடும். அதனால் இலையை ஊறவைத்து வடிகட்டிய பால் வெண்மையாகத்தான் இருக்கும். உற்றுப் பார்த்தால் இளம்பச்சைச் சாயல் தெரியலாம், அவ்வளவுதான். உன் ஐஸ்கிரீம் வெளுத்திருந்தது குறையில்லை. ஒழுங்காகச் செய்திருக்கிறாய் என்பதற்கு அதுவே சாட்சி.

அதற்கு முன், முதல் தடவை பச்சைக்கு ஆசைப்பட்டு இலையை அரைத்துப் பாலில் கொதிக்கவிட்டாயாமே. சூட்டில் பச்சையம் சிதைந்து, பழுப்பேறிய பாசி நிறமாகிவிடும். புல் வாடையும் கசப்பும் சேர்ந்து வரும். சட்னிக்கு வதக்கும்போது பார்த்திருப்பாயே, அதே கதைதான்.

இனி இப்படிச் செய்து பார். முழுக் கொழுப்புப் பால் அரை லிட்டர், ஃபிரெஷ் கிரீம் 200 மில்லி, சர்க்கரை 125 கிராம், பால் பவுடர் இரண்டு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. பாலில் சர்க்கரையும் பவுடரும் கரைத்துக் காய்ச்சி, கொஞ்சம் சுண்டியதும் அடுப்பை அணை. புதினா ஒரு கட்டு வாங்கி, தண்டு நீக்கி, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி உலர்த்து. இரண்டு கைப்பிடி இலை போதும். உள்ளங்கையில் வைத்து லேசாகக் கசக்கிச் சூடான பாலில் போட்டு மூடிவை. பதினைந்து நிமிடத்தில் ஒரு கரண்டி ருசி பார். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை. மணம் நிறைந்து, கசப்பு தலைகாட்டும் முன்னே வடிகட்டிவிடு. இலைக்கு இலை வேகம் மாறும். கடிகாரத்தை விட உன் நாக்கை நம்பு. சர்க்கரை சூட்டில் ஒரு படி தூக்கலாகத் தெரிய வேண்டும், குளிரில் நாக்குக்கு இனிப்பு மட்டுப்படும். அதற்காக அள்ளிக் கொட்டிவிடாதே. சர்க்கரை மிஞ்சினால் ஐஸ்கிரீம் இறுகவே இறுகாது.

ஆறியதும் கிரீமும் உப்பும் சேர்த்து, ஒரு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வை. கொழுப்பு இறுகவும், பால் பவுடர் நீரை உறிஞ்சிக்கொள்ளவும் அந்த நேரம் வேண்டும். மறுநாள் ஃப்ரீசரில் வைத்து, முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தரம் எடுத்து ஓரத்தைச் சுரண்டி நன்றாக அடி. நாலு தடவையாவது அடிக்க வேண்டும். அடிக்க அடிக்கப் பனித்துகள் சிறுத்து, காற்றும் உள்ளே ஏறும். அடிக்காமல் விட்டால் பல்லில் நறநறக்கும்.

உன் தாத்தா இதையே மரவாளியில் செய்வார். நடுவில் தகர டப்பா, சுற்றிலும் ஐஸ் கம்பெனியிலிருந்து சாக்கில் சுற்றி வந்த கட்டியை உடைத்துப் போட்டு, மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு. உப்பு சேர்ந்ததும் ஐஸ் உருகத் தொடங்கும். உருகும்போது சுற்றியிருப்பதன் சூட்டை இழுத்துக்கொள்வதால் அந்த உப்புத் தண்ணீர் உறைநிலைக்கு வெகு கீழே போய்விடும். சரியான அளவில் மைனஸ் 21 டிகிரி வரைகூட இறங்கும். கைப்பிடியை நாங்கள் முறை வைத்துச் சுற்றுவோம். அந்தக் கைப்பிடி இயந்திரத்துக்கு 1843-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் நான்சி ஜான்சன் என்ற பெண் என்று பின்னாளில் படித்தபோது எனக்கு அவ்வளவு பெருமை. ஏறக்குறைய அதே காலத்தில்தான், 1842 வாக்கில், கப்பலில் வந்த அமெரிக்க ஐஸைச் சேர்த்துவைக்கச் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எழும்பியது. இன்று விவேகானந்தர் இல்லம் என்று நீ பார்ப்பது அதே கட்டடம்.

கடைப் புதினா ஐஸ்கிரீம் போல நாக்கு ஜில்லென்று இழுக்கவில்லை என்றும் நீ குறைப்பட்டாயாம். அந்த ஜில்லிப்பு மென்தாலின் வேலை. நாக்கிலும் தோலிலும் குளிரை உணரும் வாசல் ஒன்று உண்டு. மென்தால் பட்டாலே அது திறந்துகொள்ளும், உண்மையில் சூடு குறைந்திருக்க வேண்டியதில்லை. இதைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான டேவிட் ஜூலியஸ், சூட்டையும் குளிரையும் உடல் உணரும் விதத்தை ஆராய்ந்ததற்காக 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மென்தால் மிகுந்தது பெப்பர்மின்ட். நம் சந்தையில் கட்டாக வாங்கும் புதினாவில் அது குறைவு. அதன் மணம் கார்வோன் என்ற வேறொரு பொருளால் வருவது. ஆகவே நம் இலை ஜில்லிப்பு தராது, மணம் தரும். அதனிடம் இல்லாததை எசன்ஸால் ஒட்டவைக்காதே.

பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறாய், அதனால் இதையும் கேள். குளிர் கிருமியைக் கொல்லாது, தூங்க வைக்கும். உருகியதை மறுபடி உறையவைக்காதே. ஒரு கல்யாண வீட்டில் கரண்ட் போய் உருகிய ஐஸ்கிரீமை, வீணாகிறதே என்று நானே திரும்ப உறையவைத்துப் பரிமாறினேன். அன்று ராத்திரி நாலு பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அந்தக் குற்ற உணர்ச்சி இன்றும் என்னை விடவில்லை. பாலைக் காய்ச்சு, சீக்கிரம் ஆறவை, கரண்ட் போய் உருகினால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடு.

இன்னொன்று. நம் நாட்டுச் சட்டப்படி, ஐஸ்கிரீம் என்று பெயர் சொல்ல நூற்றுக்குப் பத்துப் பங்காவது பால் கொழுப்பு இருக்க வேண்டும். தாவர எண்ணெயில் செய்தால் ஃப்ரோசன் டெசர்ட் என்றுதான் எழுத வேண்டும். பெயரும் பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். நீ வைத்த பெயர் புதினா. அது மணத்தில் இருக்கிறது. நிறத்தில் தேட வைத்தால், அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகும் பச்சைதான் புதினா என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

அவர்கள் மேல் தப்பில்லை. பார்த்ததை வைத்துக் கேட்டார்கள். அடுத்த முறை கிண்ணத்தை நீட்டும் முன், ஆளுக்கொரு புதினா இலையைக் கையில் கொடு. கசக்கி முகரச் சொல். அந்த வாசனை விரலில் இருக்கும்போதே முதல் கரண்டியை ஊட்டு. இலையில் இருந்ததுதான் வெள்ளையாக உள்ளே இருக்கிறது என்று நீ சொல்லவே வேண்டாம், அவர்களே சொல்வார்கள்.

லீவுக்கு நீ வரும்போது மரவாளியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைக்கிறேன். கைப்பிடியை நாம் இரண்டு பேரும் முறை வைத்துச் சுற்றலாம்.

அன்புடன்,
உன் அத்தை