சமய மன்றங்களும் அவற்றின் அதிகாரமும்

ஒரு சமயத்தார்க்குத் தலைமை பூண்டோர் மன்றமாகக் கூடி ஒரு முடிவு செய்கின்றனர். அம்முடிவிற்கு ஏனையோர் கட்டுப்படல் வேண்டுவது யாது பற்றி? அரசனுக்குப் படை உண்டு. வணிகனுக்குப் பொருள் உண்டு. சமய மன்றத்திற்கு இவ்விரண்டும் உரியன அல்ல. ஆதலின் அது தன் அதிகாரத்திற்குக் காரணங் காட்டியே தீரவேண்டும். அக்காரணங்கள் எவை, அவற்றுள் உறுதியானது எது என்பதை ஈண்டு ஆராயப் புகுவாம்.

அமராவதி யாற்றங்கரையிலுள்ள கொமரலிங்கத்தை நம் கொங்கு நாட்டு மாணவர் பலரும் அறிவர். அமராவதி அணை எழுவதற்கு நெடுங்காலம் முன்னரே அவ்வூர் வயல்களுக்கு நீர் கொணர்ந்தது அங்குள்ள ராஜவாய்க்கால். நீர் பெருகி ஓடுங்காலத்துத் தலைமடைக்காரனுக்கும் கடைமடைக்காரனுக்கும் வழக்கில்லை. நீர் குறைந்த ஆண்டிலேயே முறைப்பாசனம் பற்றிய பேச்சு எழும். தலைமடையார் மட்டும் கூடி முறை வகுத்து, 'யாவரும் ஒருமனப்பட்டோம்' என்று கூறினால் அச்சொல் பொய்யன்று. கூடியவர் யாவரும் ஒருமனப்பட்டவரே. ஆயினும் கடைமடைப் பயிர் கருகும். மன்றத்தின் முடிவை அளக்குங்கால் கடைமடையில் நின்று அளத்தல் வேண்டும் என்பதே இவ்வுவமையால் நாம் கொள்ளத்தக்கது.

கிறிஸ்தவ மன்றங்களுள் முதலாவதாகிய எருசலேம் சங்கத்தின் செய்தியை அப்போஸ்தலர் நடபடிகள் பதினைந்தாம் அதிகாரத்திற் காண்கின்றோம். புறவினத்திலிருந்து வந்த விசுவாசிகள் விருத்தசேதனம் பெறல் வேண்டுமோ என்பதே வழக்கு. மிகுந்த தர்க்கம் நடந்தது. பேதுரு தம் அநுபவத்தைச் சொன்னார். பர்னபாவும் பவுலும் தாம் கண்டவற்றை விவரித்தனர். யாக்கோபு வேதவாக்கியத்தைக் காட்டித் தீர்ப்புரைத்தார். சபையார் முழுவதும் இசைந்து, அந்தியோகியாவுக்கு நிருபம் எழுதி ஆளனுப்பினர். பரிசுத்த ஆவியானவர்க்கும் தங்களுக்கும் நலமாய்த் தோன்றிய முடிவு இஃதென அந்நிருபம் கூறுகின்றது.

பிற்கால மன்றங்கள் காட்டும் மூன்று காரணங்களும் இவ்வொரு நிகழ்ச்சியில் அடங்கியுள்ளன. வேதத்திற்கு இசைந்தது என்பது ஒன்று. அப்போஸ்தலர் வழிவந்த ஊழியத்தால் செய்யப்பட்டது என்பது மற்றொன்று. சபையார் உடன்பட்டனர் என்பது மூன்றாவது. பேராயரை உடைய சபைகள் இரண்டாவதை வற்புறுத்தின. பேராயர் இல்லாச் சபைகள் மூன்றாவதை வற்புறுத்தின. வேதமோ யாவர்க்கும் பொது.

இவ்வேற்றுமை தென்னாட்டில் ஒரு பெருஞ் சோதனைக்கு உட்பட்டது. 1919ஆம் ஆண்டு மே மாதத்தில் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினர். அவருள் இருவர் நீங்க ஏனையோர் இந்தியர். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயராக 1912இல் அபிஷேகம் பெற்ற வே. சா. அசரியா அவர்கள் அக்கூட்டத்தில் முதன்மையாய் நின்றார். பிரிவினைகள் நாம் உண்டாக்கியவை அல்ல. வெளியிலிருந்து நம்மீது சுமத்தப்பட்டவை. அவை நம்மை வலியிழக்கச் செய்கின்றன என்பது அவர்கள் விடுத்த அறிக்கையின் கருத்து. தங்களுக்கு அப்பொழுது சட்டபூர்வமான அதிகாரம் ஒன்றும் இருந்ததில்லை. ஆயினும் அவ்வறிக்கை சபைகளை அசைத்தது. அதன் உண்மையே அதற்கு அதிகாரமாயிற்று.

1920 முதல் கூட்டுக்குழு கூடிப் பேசலாயிற்று. ஒருபால் ஆங்கிலிக்கன் சபை. மற்றொருபால் பிரெஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனலாரும் 1908இல் ஒன்றுபட்டு அமைத்த தென்னிந்திய ஐக்கிய சபை. 1925இல் மெதடிஸ்தரும் சேர்ந்தனர். 1929இல் ஐக்கியத் திட்டம் அச்சில் வந்தது. பின்னும் பல முறை திருத்தப்பட்டது. 1943இல் மெதடிஸ்தரும், 1945இல் ஆங்கிலிக்கன் பொதுமன்றத்தாரும், 1946இல் ஐக்கிய சபையாரும் இசைந்தனர். 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியது. அதனைக் காண அசரியா அவர்கள் இல்லை. 1945 ஜனவரி முதல் நாளில் அவர் காலமானார்.

இருபத்தெட்டு ஆண்டு ஏன் சென்றது? பேராயர் கைவைத்து அபிஷேகம் பெறாத போதகரின் ஊழியம் செல்லுமோ என்னும் வினாவே பெருந்தடையாய் நின்றது. மீண்டும் அபிஷேகம் செய்க என்றால், அதுகாறும் அவர் ஆற்றிய ஊழியம் ஊழியமன்று என்றாகும். வேண்டா என்றால், அப்போஸ்தல மரபைக் கைவிட்டதாகும். முடிவில், உள்ள போதகர் யாவரையும் அந்நிலையிலேயே ஏற்பதென்றும், இனி வரும் அபிஷேகங்கள் யாவும் பேராயரால் நடைபெறுமென்றும், முப்பது ஆண்டு கழிந்தபின் இப்பொருளை மீண்டும் ஆராய்வதென்றும் வகுத்தனர். பேராயரும் தம் விருப்பப்படி ஆள்பவராகாமல், அமைப்புச் சட்டத்திற்கு உட்பட்டவராயினர். திருமண்டல மன்றத்தின் வாக்கும் சினாடின் தெரிவும் இன்றி ஒருவர் அப்பதவியை அடைதல் இயலாது.

யாவற்றினும் சிறந்ததாக நாம் மதிப்பது அச்சட்டத்திலுள்ள ஓர் உறுதிமொழி. ஒரு சபையார் தம் மனச்சான்றால் மறுக்கும் வழிபாட்டு முறையையோ ஊழியரையோ அவர்மீது வலிந்து சுமத்துவதில்லை என்பது அதன் பொருள். வாக்கெண்ணிக்கையில் வென்றோர் தம் வெற்றிக்குத் தாமே வரம்பு கட்டியது இது. கடைமடைக்கு நீர் விட்ட செயல் என்று இதனைக் கூறலாம்.

ஆயினும் யாவரும் வந்து சேர்ந்தாரல்லர். நந்தியால் நாட்டு ஆங்கிலிக்கரில் ஒரு பெருந்தொகையினர் வெளியே நின்றனர். பல ஆண்டுகளுக்குப் பின்னரே இணைந்தனர். அவர்களை வாளும் வழக்கும் கொணரவில்லை. காலமும் பொறுமையும் கொணர்ந்தன. பிற்காலத்தில், 2013ஆம் ஆண்டில், தென்னிந்தியத் திருச்சபையின் முதற் பெண் பேராயராக இ. புஷ்பலலிதா அவர்கள் அபிஷேகம் பெற்றது அந்த நந்தியால் திருமண்டலத்திற்கே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஒரு தலைமுறையின் கடைமடை மற்றொரு தலைமுறையின் தலைமடை ஆகலாம் அன்றோ?

நிற்க. இவ்வரலாற்றைப் புகழ்ந்து அமைதல் போதாது. 1950இல் அ. ஜே. அப்பாசாமி அவர்களை முதற் பேராயராகக் கொண்டு அமைந்த கோயமுத்தூர்த் திருமண்டலம் முதலாக எங்கும் மன்றங்கள் கூடுகின்றன, வாக்குகள் எண்ணப்படுகின்றன. ஆவியானவரின் பெயரைச் சொல்லுதல் எளிது; அதனைச் சொல்லி வினாவை அடக்குதல் அதனினும் எளிது. எருசலேமில் அப்பெயர் தர்க்கத்திற்குப் பின்னரே சொல்லப்பட்டது. தர்க்கத்தைத் தடுத்தற்குச் சொல்லப்படவில்லை. இவ்வேறுபாட்டை மறந்த மன்றம் வேதத்தையும் மரபையும் எத்துணை உரக்க ஓதினும், அதன் சொல் செவியளவில் நின்றுவிடும்.

மாணவ நண்பர்களே, நும்முள் சிலர் நாளை இத்தகைய மன்றங்களில் அமர்வீர். பலர் அவற்றின் முடிவுகளுக்கு உட்படுவீர். ஒரு முடிவு நும்முன் வருங்கால் மூன்று வினாக்களை எழுப்புமின்: இதனால் சுமை தாங்குவோர் யார்? அவர் கூற்று கேட்கப்பட்டதா? முடிவு செய்தோர் தாம் வகுத்த சட்டத்திற்குத் தாமும் அடங்கினரா? இவற்றிற்கு நேரிய விடை தரும் மன்றத்திற்குப் படை வேண்டா, பொருள் வேண்டா. மாறுபட்டோரும் அதன் சொல்லை மதிப்பர்.